கடனாகக் கற்றலும் காதலாற் கற்றலும்: உ. வே. சாமிநாதையர் வாழ்வு

நூல் கற்பார் இரு திறத்தினர். பிறர் விதித்தமையாற் கற்பார் ஒரு திறத்தினர். கற்காதிருத்தல் இயலாமையாற் கற்பார் மற்றொரு திறத்தினர். முன்னையோர்க்கு நூல் ஒரு கடன். பின்னையோர்க்கு அஃது ஒரு காதல். கல்லூரியில் நாம் கற்பிக்கும் நூல்கள் பெரும்பாலும் கடனாகவே மாணாக்கர் கையிற் சேர்கின்றன. பரீட்சைக்கு முதல்நாள் இரவு வரை கண்விழித்து ஓதப்பெற்ற இலக்கியப் பாடநூல், பரீட்சை முடிந்த மறுநாளே தம்பிக்கோ தங்கைக்கோ கைமாறிவிடுகின்றது. அன்றேல் பரணில் ஏறிவிடுகின்றது. இதனைக் கண்டு மனம் வருந்தும் ஆசிரியர் சிலர், விதித்துக் கற்பித்தலே நூற்சுவையைக் கெடுக்கும் என்பர். வேறு சிலர், விதியாவிடின் எவரும் எதனையும் கல்லார் என்பர். ஆசிரியர் கூடும் இடமெல்லாம் இவ்வழக்கு எழுவதுண்டு. இதற்குத் தீர்ப்புக் கூறவல்ல சான்றொன்று மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் வரலாற்றிலே உளது. அவர் பதிப்பித்த நூல்களின் பெயர்களை நம் மாணாக்கர் நன்கறிவர். அவர் அந்நூல்களைக் கற்க நேர்ந்த வரலாற்றை அறிந்தோர் அத்துணைப் பலரல்லர். ஆதலின் அதனையே ஈண்டுச் சுருங்கச் சொல்லுதும்.

ஐயர் 1855ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 19ஆம் திகதி பிறந்தார். அவர் ஊர் சோழநாட்டிலே கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவல்லவர். இராமாயண முதலிய கதைகளை இசையோடு விரித்துரைத்து, அன்பர் அளிப்பனவற்றைக் கொண்டு குடும்பம் நடத்தியவர். மகனும் தம்மைப் போல இசைவாணனாதல் வேண்டும் என்பதே அவர் கருத்து. உறவினரும் ஊராரும் கூறிய அறிவுரைகள் வேறு. ஆங்கிலம் கற்றால் உத்தியோகம் கிடைக்கும். வடமொழி கற்றால் மறுமைக்கு உதவும். தெலுங்கு கற்றால் சங்கீதத்துக்குத் துணையாகும். தமிழால் வரும் பயன் யாதென்று அவர்கள் வினவினர். இளைஞரான சாமிநாதரின் உள்ளமோ தமிழையே பற்றி நின்றது. யாரும் விதியாத கல்வி அது; வயிற்றுக்கு வழிகாட்டாத கல்வியும் அதுவே. எனினும் தந்தையார் மகனின் விருப்பத்தைத் தடுத்தாரல்லர். தமிழ் கற்பிப்பார் எங்குளர் என்று கேட்டறிந்து, அவ்வவ்வூர்களுக்குக் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு சென்றார். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று அவர்கள் குடிபெயர்ந்து வாழ்ந்த ஊர்கள் பல. செங்கணத்திலே விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகையைப் பாடங் கேட்டார். ஓராசிரியரிடம் உள்ளதைப் பெற்றுக்கொண்டு, மேலும் வேண்டுமென்னும் பசியோடு அடுத்த ஆசிரியரை நாடுவதே அவர் இளமைக் கல்வியின் முறையாயிற்று.

இப்பசியே அவரை 1871ஆம் ஆண்டிலே மாயூரத்தில் வதிந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அக்காலத்திலே புலமையாலும் கவிபாடும் ஆற்றலாலும் பிள்ளையவர்களுக்கு ஒப்பார் இலர். வறிய நிலையிலும் மாணாக்கரிடம் பொருள் பெறாது கற்பித்தவர் அவர். மாயூரத்திலே அப்பொழுது கோபாலகிருஷ்ண பாரதியாரும் வாழ்ந்தார். தந்தையார் விருப்பப்படி சாமிநாதர் அவரிடம் இசை பயிலத் தொடங்கினார். இசையிற் பழக்கம் மிகுந்தால் இலக்கண இலக்கியங்களிற் கருத்து ஊன்றி நில்லாது என்பது பிள்ளையவர்கள் கொள்கை. அதனை அறிந்ததும் சாமிநாதர் இசைப்பயிற்சியை விட்டுவிட்டார். தந்தையார் வகுத்த வழி ஒன்று, தாம் விரும்பிய வழி ஒன்று என்று இரண்டும் எதிர்ப்பட்ட வேளையில் அவர் தெரிந்துகொண்டது இன்னதென்று இதனால் விளங்கும்.

பிள்ளையவர்களிடம் அவர் கற்றன அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம், கோவை, உலா முதலிய பிரபந்தங்களும், நைடதமும், பெரியபுராணம் முதலிய புராணங்களும் பிறவுமாம். ஆசிரியர் செய்யுள் இயற்றிச் சொல்ல ஏட்டில் எழுதும் பணியும் அவருக்குக் கிடைத்தது. நூல் பிறக்கும்பொழுதே அருகிருந்து காணும் பேறு அது. எழுத்தாணி பிடித்த அந்தக் கை, பின்னர்ப் பழைய ஏடுகளின் எழுத்தைப் படித்தறிதற்கு இவ்வாறே பழகிற்று. 1876ஆம் ஆண்டு பெப்ருவரி முதலாந் திகதி பிள்ளையவர்கள் இறைவனடி சேர்ந்தார்கள். அவ்வேளையில் அருகிருந்து திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைப் படித்தவர் சாமிநாதரே. பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்துத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரை ஆதரித்துத் தாமே பாடஞ் சொல்லியும், பிறருக்குப் பாடஞ் சொல்ல வைத்தும் புலமையை வளர்த்தார். 1880ஆம் ஆண்டு பெப்ருவரியில், தியாகராச செட்டியார் ஓய்வுபெற்ற இடத்துக்கு, அவர் முயற்சியாலேயே, கும்பகோணம் அரசினர் கல்லூரித் தமிழாசிரியராக ஐயர் அமர்ந்தார். அகவை இருபத்தைந்து. தமிழால் என்ன பயன் என்று வினவியோர்க்கு விடை கிடைத்துவிட்டது. விரும்பிய கல்வியே உத்தியோகமும் ஆயிற்று. கல்வி இத்துடன் முற்றுப்பெற்றது என்று அவர் எண்ணியிருப்பின் அவரைக் குறை கூறுவார் யார்? கல்லூரிப் பாடத்துக்கு வேண்டிய அளவினும் பன்மடங்கு அவர் கற்றிருந்தார்.

அவ்வாண்டு ஒக்டோபர் மாதம் 21ஆம் திகதி நிகழ்ந்த ஒரு சந்திப்பு அவர் வாழ்வை மாற்றிவிட்டது. அரியலூரிலிருந்து கும்பகோணத்துக்கு மாற்றம் பெற்று முன்சீபாக வந்திருந்தார் சேலம் இராமசாமி முதலியார். தமிழில் ஆர்வமுடையவர் என்று கேள்வியுற்ற ஐயர், தேசிகரின் தூண்டுதலால் அவரைக் காணச் சென்றார். முதலியார் அவரை வரவேற்று, யாரிடம் கற்றீர், எவ்வெந் நூல்களைக் கற்றீர் என்று வினவினார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள் என்று பெரியதொரு பட்டியலைச் சொன்னார். முதலியார் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. புராணங்களைச் சொன்னார், கம்பராமாயணத்தைச் சொன்னார், இலக்கண நூல்களைச் சொன்னார். அவற்றாற் பயன் யாது என்பது போலவே முதலியார் கேட்டுக்கொண்டிருந்தார். இறுதியில் சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய நூல்களைப் படித்ததுண்டோ என்று வினவினார். ஐயர் படித்திலர். அவர் மாத்திரமோ? அவருடைய பேராசிரியரும் அவற்றைப் பாடஞ் சொன்னதில்லை. முழுநூலும் அச்சில் வாராத காலம் அது. சிந்தாமணியின் முதற் பகுதியாகிய நாமகள் இலம்பகம் மாத்திரம் கல்லூரி மாணாக்கரின் பொருட்டுப் பவர் பாதிரியாரால் 1868இல் வெளியிடப்பெற்றிருந்தது.

இவ்விடத்தில் வாசகர் சற்றே நின்று நோக்குதல் நன்று. நாமகள் இலம்பகத்தைப் பாடமாகப் படித்த மாணாக்கர் எத்துணையோ பேர் இருந்திருப்பர். பதின்மூன்று இலம்பகங்களில் ஒன்று பரீட்சைக்கு வந்தது. ஏனைய பன்னிரண்டும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. வழக்குகளை விசாரிப்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர்க்கோ முழுநூலையும் படிக்க வேண்டுமென்னும் ஆசை எழுந்தது. அதற்கெனப் படியொன்று எழுதுவித்து வைத்துக்கொண்டு, பாடஞ் சொல்வாரைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்நூலால் வரும் ஊதியம் ஒன்றுமில்லை. சிந்தாமணியைக் கல்லாமையால் அவர் பதவிக்கு வருங் குறையும் இல்லை. விருப்பத்தாற் படிப்பவர் ஒருவர், தொழிலாகப் படித்தவர் ஒருவரை நோக்கி வினவிய வினா அது. தமிழின் பழஞ்செல்வம் மீண்டமை அவ்வினாவின் பயனேயாம்.

நூல் கிடைக்கவில்லையே அன்றி, கிடைத்தாற் படித்துப் பொருள் கூற இயலும் என்று ஐயர் துணிந்து சொன்னார். அத்துணிவில் புலமைச் செருக்கும் சிறிது கலந்திருந்தது. முதலியார் தம்மிடமிருந்த கையெழுத்துப் படியைக் கொடுத்தார். வீடு சென்று ஏட்டை விரித்தபோது செருக்கு அடங்கிற்று. கம்பனைக் கற்ற அறிவு ஒரு பாதி வழி துணைவந்தது; மறுபாதியில் நூலின் நெறியே புதிதாயிற்று. நச்சினார்க்கினியர் உரையோ, சுருக்கமும் ஆழமும் உடையது. அவ்வுரைகாரர் எடுத்துக்காட்டும் மேற்கோட் செய்யுள்கள் எந்நூலைச் சார்ந்தன என்பதும் தெரியவில்லை. ஆயினும் முதலியாருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று; குறித்த நாளில் சென்று பாடஞ் சொல்லியே தீரவேண்டும். ஆகவே சிந்தாமணியை ஐயர் முதலிற் கற்றது காதலால் அன்று, கடனால். கடமை அவரை நூலின் வாயில் வரை கொண்டுவந்து விட்டது. உள்ளே புகுந்த பின்னர், வெளியே வரும் எண்ணம் அவருக்கு ஒருபோதும் உண்டாகவில்லை.

சமண சமயக் கருத்துக்கள் விளங்காதபோது அவர் செய்தது நம் உள்ளத்திற் பதித்தற்குரியது. கும்பகோணத்திலே சமணக் குடும்பங்கள் சில இருந்தன. அவர்கள் சிந்தாமணியைப் புண்ணிய நூலாக ஓதி வருபவர்கள். சைவ மடத்திலே பயின்ற ஐயர் அவர்கள் இல்லந்தேடிச் சென்று, மாணாக்கரைப் போல அமர்ந்து ஐயங்களைத் தெளிந்துகொண்டார். பல காலமாகப் புலவர் பொருள்காண இடர்ப்பட்ட இடங்கள் அவ்வீட்டாருக்கு அன்றாட வழக்காயிருந்தன. அயற் சமயத்து நூலை இவர் வெளிப்படுத்துவது தகுமோ என்று முணுமுணுத்தவரும் உண்டு. கற்க வேண்டும் என்னும் வேட்கை அம்முணுமுணுப்பினும் வலிதாயிருந்தது. கல்லூரி வேலை பகலில். ஏடு ஒப்புநோக்கல் இரவில். விடுமுறை நாட்களில் சென்னைக்குச் சென்று அச்சுத்தாள் திருத்தல். இவ்வாறு ஏழாண்டு உழைப்பின் பின் 1887இல் சீவகசிந்தாமணி உரையுடன் முழுமையாக வெளிவந்தது.

இங்கே நம் நாட்டவர் ஒருவரை நினைவுகூராது செல்லுதல் பிழையாகும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலக் கல்வி கற்றவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். கணக்குத் துறையிலும் நீதித் துறையிலும் பதவி வகித்த அவருக்குப் பழந்தமிழ் ஏடு கற்றல் எவ்வகையிலும் கடனன்று. எனினும் வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை என்று அவர் தம் பொருளையும் கண்ணொளியையும் செலவிட்டுப் பதிப்பித்த நூல்கள் பல. சிந்தாமணியையும் பதிப்பிக்கும் கருத்துடையராய் அவர் கும்பகோணத்தில் ஐயரிடம் ஏடுகளைக் கேட்டதுண்டு. பல்லாண்டு உழைத்த நூலாதலின் ஐயர் இசையவில்லை. இருவர்க்கும் இடையே இருந்தது பகைமை அன்று. ஒரே பொருள்மீது இருவர் கொண்ட காதல். சிந்தாமணி வெளிவந்த 1887ஆம் ஆண்டிலேயே பிள்ளையவர்களின் கலித்தொகைப் பதிப்பும் வெளிவந்தது. சோழநாட்டுத் தமிழாசிரியர் ஒருவரும் யாழ்ப்பாணத்துப் பட்டதாரி ஒருவரும் ஓராண்டிலே தமிழுக்கு அளித்த செல்வம் இஃது.

ஒரு நூல் மற்றொரு நூலுக்கு வழிகாட்டுதல் விரும்பிக் கற்போர் யாவரும் அறிந்ததே. நச்சினார்க்கினியர் காட்டிய மேற்கோள்கள் ஐயரின் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருந்தன. அவற்றை எழுதி வைத்துக்கொண்டு, அகப்பட்ட ஏடுகளிலெல்லாம் தேடினார். திருவாவடுதுறை மடத்துப் பழைய ஏட்டுக்கட்டு ஒன்றிலே அவற்றுட் பலவற்றின் பிறப்பிடம் தெரிந்தது. அவை எட்டுத்தொகை நூல்கள். தாம் முன்னர்ப் பயின்ற மடத்திலேயே, தம் கைக்கு எட்டும் தூரத்திலேயே அவை இருந்தன. தேடும் கண் அப்பொழுதுதான் வாய்த்தது. பின்னர் 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை, 1903இல் ஐங்குறுநூறு, 1904இல் பதிற்றுப்பத்து, 1918இல் பரிபாடல், 1924இல் பெருங்கதை, 1937இல் குறுந்தொகை என்று அவை ஒன்றன்பின் ஒன்றாக ஒளிபெற்றன. மணிமேகலையின் பௌத்தக் கருத்துக்கள் விளங்காதிருந்தபோது, உடனாசிரியர் மளூர் ரங்காசாரியர் ஆங்கில நூல்களைப் படித்துச் சொல்ல, ஐயர் கேட்டுக் குறித்துக்கொண்டார். அறியாததை அறிந்தாரிடம் கேட்டற்கு அவர் என்றும் நாணினாரல்லர்.

ஏடு தேடி அவர் சென்ற ஊர்கள் பல. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலே இருந்த ஏடுகளைக் காணச் சென்றபோது, பழுதுற்ற பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அங்குள்ளோர் கூறினர். தீங்கெண்ணிச் செய்ததன்று, படிப்பார் இல்லாமையாற் செய்தது. படிப்பாரற்ற நூலுக்குத் தீயும் செல்லும் ஒன்றே. இதனைப் படிக்குந்தோறும் நமக்கு 1981ஆம் ஆண்டு நினைவுக்கு வருகின்றது. அவ்வாண்டு மே முடிந்து ஜூன் பிறந்த அவ்விரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பெற்று, ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏடுகளும் சாம்பலாயின. அது தீங்கெண்ணியே இடப்பட்ட தீ. கட்டடம் மீண்டும் எழுந்துவிட்டது. நூலைக் காப்பது கட்டடம் மாத்திரமன்று. அதனைத் தேடிவந்து கேட்கும் ஒருவன் இருத்தல் வேண்டும். அவன் இல்லாத ஊரில் நெருப்பு வேண்டுவதில்லை, கறையானே போதும்.

ஐயர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெற்று, 1919இல் ஓய்வுபெற்றார். 1906இல் மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரை வந்தடைந்தன. 1924 முதல் மூன்றாண்டுகள் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரித் தலைவராகவும் இருந்தார். தம் வீட்டுக்கு அவர் இட்ட பெயர் தியாகராச விலாசம். தமக்கு வேலை வாங்கித் தந்தவரை அவர் மறவாமைக்கு அப்பெயர் சான்று. முதுமையிலும் கற்றலும் எழுதுதலும் நின்றபாடில்லை. தம் ஆசிரியரின் வரலாற்றை விரிவாக எழுதினார். தம் வரலாற்றை 1940ஆம் ஆண்டு தொடக்கம் ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதி வந்தார். அது முற்றுப்பெறுமுன், 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 28ஆம் திகதி திருக்கழுக்குன்றத்திலே மறைந்தார். அடுத்த ஆண்டில் அவர் பெயரால் சென்னையில் நூல் நிலையம் நிறுவப்பெற்று, அவர் தேடிய ஏடுகள் அங்கே பேணப்பட்டன.

அவர் பதிப்புக்களின் அமைப்பிலே ஆசிரியத் தொழிலின் சிறப்பு விளங்கக் காணலாம். நூலாசிரியர் வரலாறு, உரையாசிரியர் வரலாறு, கதைச் சுருக்கம், மேற்கோள் விளக்கம், அரும்பத அகராதி என்று முன்னும் பின்னும் பல துணைகளை அவர் சேர்த்தார். தாம் பட்ட இடரைப் பிறர் படாது, பாடஞ் சொல்வார் இல்லாத ஊரிலும் ஒருவன் தனித்திருந்து கற்றற்கு வழி செய்தார். அவ்வாறு கற்றவருள் தலைசிறந்தார் நம் ஈழத்தவரே. சிலப்பதிகாரம் அச்சேறிய 1892ஆம் ஆண்டிலே காரைதீவிற் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். விஞ்ஞானப் பட்டதாரியாகிய அவருக்குப் பழந்தமிழ் இசை எப்பரீட்சைக்கும் உரிய பாடமன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் இசைப்பகுதியில் அவர் ஊன்றிய கருத்தே வளர்ந்து, 1947இல் யாழ்நூலாக அரங்கேறிற்று. ஒருவர் விரும்பிக் கற்றுக் கொடுத்ததை மற்றொருவர் விரும்பி எடுத்துக்கொண்டார். இடையிலே பாடத்திட்டமும் இல்லை, பரிசும் இல்லை.

இனி, தொடக்கத்திற் கூறிய வழக்குக்கு வருவோம். கடனும் காதலும் பகையல்ல என்பதே ஐயர் வாழ்வு கூறும் தீர்ப்பாகும். பிள்ளையவர்களிடம் முறையாகக் கற்ற யாப்பும் இலக்கணமும் பிரபந்தங்களும் இல்லையாயின், சிந்தாமணி ஏடு கிடைத்தும் அவர் அதனைத் திறந்து படித்திருத்தல் இயலாது. ஆதலின் விதித்த பாடத்தைப் பழிக்கும் மாணாக்கர் சற்றே பொறுக்க. விதித்ததோடு நின்றிருப்பினோ, அவர் நல்ல தமிழாசிரியராக ஓய்வுபெற்று மறக்கப்பட்டிருப்பார். ஆதலின் பாடத்திட்டத்தை முடித்ததோடு பணி முடிந்ததென எண்ணும் நம்மனோரும் சற்றே சிந்திக்க. வகுப்பிலே ஓரிலம்பகத்தை நாம் கற்பிக்கும்போது, ஏனைய பன்னிரண்டும் எங்கே என்று வினவும் ஒரு மாணவனை உண்டாக்கினோமாயின் நம் தொழில் பயன்பட்டதாகும். வினாவிற்கு உரிய நூலும் அவன் கையெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். அது பழைய மாணவரும் பெற்றோரும் நினைந்து செய்தற்குரியது.

பழைய மாணவர்களாகிய அன்பர்களுக்கு ஒன்று கூறி அமைவாம். உங்களுக்கு இனிப் பரீட்சையில்லை, புள்ளியிடுவாரும் இல்லை. வைத்தியராய், வழக்கறிஞராய், வணிகராய், கமக்காரராய் நீங்கள் எவ்விடத்திருப்பினும், இராமசாமி முதலியாரின் இடம் உங்களுக்கு உரியது. தொழிலுக்கு வேண்டாத நல்ல நூல் ஒன்றை எடுத்துப் படியுங்கள். விளங்காதவிடத்து நம்மிடம் வந்து வினவுங்கள். நாம் விடை அறியாது இடர்ப்பட்டாலும் கவலையில்லை. ஐயரும் அவ்வாறு இடர்ப்பட்டே தொடங்கினார்.